டீசல் ஊற்றினால் டீசல்தான் எரியும்

மலைப்பக்கம் எங்காவது இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு எழுந்தால், முதல் கேள்வி வெந்நீர் வருமா என்பதாக இருக்கும். அடுத்த கேள்வி, கேம்ப் ஃபயர் உண்டா? ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியுமா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். விடுதிக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அறை வாடகையில் பேரம் பேசிக் குறைத்ததை கேம்ப் ஃபயரில் போட்டு எடுத்துவிடுவார்கள். ‘வித் மியூசிக்’ என்றால் இன்னும் கொஞ்சம் கூட. நானும் கேட்ட காசைக் கொடுத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஏதோ குறையோடுதான் அறைக்குத் திரும்பியிருக்கிறேன். இவ்வளவு ஆசையாகக் கேட்டு வாங்குகிற ஒன்று ஏன் கைக்கு வந்ததும் சப்பென்று ஆகிவிடுகிறது என்பது ரொம்ப நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

ஏற்காடோ கொடைக்கானலோ வால்பாறையோ, நடப்பது ஒன்றுதான். புல்தரையின் நடுவில் இடுப்பு உயரத்துக்குக் கட்டைகளைக் கூம்பாகச் சாத்தி வைத்திருப்பார்கள். எட்டு மணி சுமாருக்கு விடுதிப் பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலில் டீசலோடு வருவான். சுற்றிலும் ஊற்றிவிட்டுத் தள்ளி நின்று தீக்குச்சியைக் கிழித்துப் போடுவான். குப்பென்று எழும். எல்லோரும் ஹோவென்று கத்துவோம், செல்போனை எடுப்போம். அந்த முதல் பத்து நிமிடத்துப் படங்கள்தான் மறுநாள் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் இருக்கும். அதற்குள் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்துவிடும். அனல் முகத்தில் அடிப்பதால் நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கும். அவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூடக் கத்த வேண்டும். எதிர்ப்பக்கம் இருப்பவரின் முகமே தெரியாது. முன்னால் வேகும், முதுகு விறைக்கும். ஒருவர் எழுந்து நின்று முதுகைக் காட்டுவார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலிருந்து இருக்கிற கட்டுப்பாடு. அந்த விதிக்கு மரியாதையோ, பக்கத்து எஸ்டேட்காரர் போலீசைக் கூப்பிட்டுவிடுவார் என்ற பயமோ, பத்து மணிக்குப் பாட்டு நின்றுவிடும். பாட்டு நின்றதும் கூட்டமும் கலைந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், உட்காரத் தகுந்த நெருப்பு அப்போதுதான் பிறக்கிறது. சுடராக ஆடுவது சூட்டில் கட்டையிலிருந்து கிளம்பும் வாயு. அதன் வெப்பத்தில் பெரும்பங்கு புகையோடு சேர்ந்து ஆகாயத்துக்குப் போய்விடும். வாயுவெல்லாம் தீர்ந்து, மிஞ்சிய கரி செக்கச் செவேலென்று கனலும்போது கண்ணைக் கரிக்கும் புகை இருக்காது, துணியில் விழும் பொறி இருக்காது. சூடு மட்டும் நாலு பக்கமும் சீராக வரும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டிய அந்த நேரத்தில் பையன் வாளித் தண்ணீரோடு வந்து நிற்பான். அவனையும் குறை சொல்வதற்கில்லை. விடிகாலையில் எழுந்து டீ போட வேண்டியவன்.

களத்தில் எரிந்த நெருப்பு

எனக்கு இந்தக் குறை கொஞ்சம் அதிகமாகத் தெரிவதற்கு என் அம்மாவின் ஊர் காரணம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் போகிற வழியில், கரிசல் காடு. பொங்கல் லீவுக்குப் போனால் களத்தில் கம்பும் சோளமும் குவிந்து கிடக்கும், இன்னொரு பக்கம் மிளகாய் காயும். ராத்திரிக் காவலுக்கு மாமாக்கள் போவார்கள். பையன்கள் எல்லோரும் அழுது அடம்பிடித்துக் கூடவே போவோம். படப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்த போன வருஷத்துப் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடிதான் விறகு. பருத்திமாருக்கு ஆயுசு குறைவு. சடசடவென்று பற்றும், ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் சாம்பலாகிவிடும். அதனால் யாராவது ஒருவர் கையில் கத்தையோடு உட்கார்ந்து இரண்டிரண்டு குச்சியாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதவிக்குத்தான் எங்களுக்குள் சண்டை. நெருப்பு முழங்கால் உயரத்தைத் தாண்டாது. சுற்றிக் குத்தவைத்து, பக்கத்து ஆளின் தோளில் தோள் இடிக்கும்படி நெருங்கினால்தான் எல்லோருக்கும் சூடு கிடைக்கும்.

நடுவில் மாமா எழுந்து போய், பிந்தி விதைத்த புஞ்சையிலிருந்து இன்னும் முற்றாத கம்பங்கதிர் நாலைந்தை ஒடித்துக்கொண்டு வருவார். தணலின் ஓரத்தில் வைத்துத் திருப்பித் திருப்பி வாட்டுவார். மேலே இருக்கும் சுணை கருகி, மணிகள் லேசாக வெடிக்கும் நேரம் எடுத்துத் துண்டில் போட்டுக் கசக்குவார். உள்ளங்கைக்கு உள்ளங்கை மாற்றி ஊதினால் உமி பறந்து பச்சை மணிகள் மட்டும் நிற்கும். பால் காயாத கம்பு அது. சூட்டோடு வாயில் போட்டால் இனிப்பும் கருகலும் சேர்ந்த ஒரு ருசி. அப்புறம் எந்த ஹோட்டலிலும் அது எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு தடவை மாமா மகன் ஒருவன் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கை மிளகாய் வத்தலை நெருப்பில் போட்டுவிட்டான். களமே இருமியது. காவலுக்குக் கிடந்த நாய்கூட எழுந்து ஊர்ப்பக்கம் ஓடிவிட்டது. அவனை விரட்டிக்கொண்டு ஓடிய பெரிய மாமா பாதி வழியில் நின்று தும்மினார். இப்போது அவன் துபாயில் பெரிய வேலையில் இருக்கிறான். குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது.

குளிர்காய்கிற மனிதர்களைத் தமிழ் ரொம்பக் காலமாகவே பார்த்து வந்திருக்கிறது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் தொடக்கத்திலேயே மழையில் மாட்டிக்கொண்ட, மாடு மேய்க்கும் கோவலர்கள் பல பேராகக் கூடி, கொள்ளியில் கையைக் காய்ச்சியும் குளிர் அடங்காமல் கன்னம் அடித்துக்கொள்ள நடுங்குகிறார்கள். வள்ளுவர், அரசனிடம் தீக்காய்கிறவர்போல அகலாமலும் அணுகாமலும் இருக்கச் சொன்னார். மன்னரைச் சேர்ந்திருப்பவருக்குச் சொன்ன புத்திமதி அது. அரசியலுக்கு இன்றைக்கும் பொருந்தும். நெருப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு சின்ன மறுப்பு உண்டு. அந்த அகலாத, அணுகாத தூரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. கட்டை போட்டால் எல்லோரும் ஒரு அடி பின்னால் போகிறோம். அடங்க அடங்க, சொல்லாமலே முன்னால் வருகிறோம். ஒரு ராத்திரி முழுக்க இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கும். எட்டு மணிக்கு முகம் கொடுக்காமல் உட்கார்ந்தவர்கள் பதினோரு மணிக்கு ஒரே போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் திட்டமிட்டு நெருங்குவதில்லை, சூடு குறைகிறது, அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் பழைய நினைவு. கிராமம் என்றாலே தேன் தடவிப் பேசுகிற பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் இதை வைத்து எதையும் முடிவுகட்ட நான் தயாராக இல்லை. களத்துக் காவல் மாமாக்களுக்கு வேலை. மறுநாள் வெயிலில் தூற்றவும் வேண்டும். நாங்கள் பையன்கள் என்பதால் எங்களுக்கு அது திருவிழா. தவிர, அந்த நெருப்பைச் சுற்றி ஒரு பெண்கூட இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நனைந்த கட்டை

போன டிசம்பரில் நாங்கள் தங்கியது கொடைக்கானலுக்கு மேலே, பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகும் பக்கம். பகலெல்லாம் மழை. சாயங்காலம் விட்டபோது, சாத்தி வைத்திருந்த கட்டையெல்லாம் ஊறிப்போயிருந்தது. அந்த மலையில் விறகு என்றால் வாட்டிலும் யூக்கலிப்டஸும்தான். வாட்டில், தோல் பதனிடும் பட்டைக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்து, இப்போது சோலைக்கும் புல்வெளிக்கும் தலைவலியாகிவிட்ட மரம். காய்ந்திருந்தால் நன்றாக எரியும். ஈரமாக இருந்தால் முதலில் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெளியேற்றவே நெருப்பின் பலமெல்லாம் போய்விடும். கட்டை சூடாகி வாயு விடுவதற்குள் நெருப்பு செத்துவிடும். விடுதிப் பையன் முக்கால் பாட்டில் டீசலைக் காலி பண்ணிப் பார்த்தான். ஊற்றியபோதெல்லாம் எழுந்தது, ஊற்றியது தீர்ந்ததும் படுத்தது. கடைசியில், “கேன்சல் பண்ணிக்கலாம் சார், பில்லுல கழிச்சுடறேன்” என்றான். பிள்ளைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டன.

அப்போதுதான் சித்தி வந்தார். என் அம்மாவின் தங்கை. இதற்கு முன் எத்தனையோ முறை எங்களோடு மலைக்கு வந்திருக்கிறார். ஒரு தடவைகூட நெருப்பின் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. கூப்பிட்டால், “இதெல்லாம் நான் அடுப்புல பாக்காததா?” என்று சொல்லிவிட்டு அறையில் சீரியல் பார்ப்பார். அன்றைக்கு மின்சாரமும் போயிருந்தது. ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தவர், நாங்கள் படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையனிடம், “ஏய்யா, அந்த டீசலைத் தூரக் கொண்டு போ. டீசல் ஊத்துனா டீசல்தான் எரியும், கட்டையா எரியும்?” என்றார்.

அடுத்த அரை மணி நேரம் அந்த இடம் அவர் கையில் இருந்தது. கூம்பை மொத்தமாகப் பிரிக்கச் சொன்னார். என்னிடமும் சித்தப்பாவிடமும் சமையலறை அரிவாளைக் கொடுத்து, கட்டைகளின் பட்டையை உரித்துவிட்டு நடுவில் பிளக்கச் சொன்னார். பிளந்தால் உள்ளே விரல் அகலத்துக்காவது காய்ந்த வெள்ளை இருந்தது. மழை வெளியில்தான் நனைத்திருக்கிறது, நெஞ்சுவரை இறங்கவில்லை. அந்த வெள்ளையைச் சிம்பு சிம்பாகச் சீவச் சொன்னார். பிள்ளைகளை அனுப்பிச் சமையலறையிலிருந்து கொட்டாங்குச்சி, வராந்தாவுக்குள் கிடந்த பைன் காய் எல்லாம் பொறுக்கி வரச் செய்தார். ஈரத் தரையில் நேராக வைக்காமல் முதலில் தட்டையான இரண்டு கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, சுற்றிச் சிம்பைச் சாய்த்தார். இடையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வாசல் விட்டார். காலையில் பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சூடத்தைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு வில்லையை ஏற்றி அந்த வாசல் வழியாக உள்ளே தள்ளினார். புகைந்தது. நான் குனிந்து ஊதப் போனேன். “சும்மா இரு, அது பாட்டுக்கு மூச்சு வாங்கட்டும்” என்றார். ஒரு நிமிடம் கழித்து, தானே முழங்காலிட்டு, கன்னம் தரையைத் தொடும்படி சாய்ந்து, நீளமாக ஒரே ஒரு மூச்சு விட்டார். கொட்டாங்குச்சி பற்றிக்கொண்டது.

ஈரக் கட்டைகளை அவர் நெருப்பில் போடவில்லை, சுற்றி நிறுத்தினார். அவை அனலில் ஆவி விட்டுக் காய்ந்துகொண்டே இருந்தன. காய்ந்தது உள்ளே போகும், இன்னொரு ஈரக்கட்டை வரிசைக்கு வரும். யார் எந்தக் கட்டையை எப்போது தள்ளுவது என்று எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. சித்தப்பா ஒன்றைத் திருப்பி வைத்தால் என் தங்கை அதைப் பழையபடி வைத்தாள். என் மகள் யாருக்கும் தெரியாமல் பைன் காய்களை ஒவ்வொன்றாக உள்ளே உருட்டினாள். ஸ்பீக்கர் இல்லை, மின்சாரம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. கண்ணும் கையும் எதிரே இருந்த அந்த ஒரு முழம் நெருப்பில்தான் இருந்தன. பூம்பாறையில் வாங்கிய மலைப்பூண்டில் இரண்டைச் சித்தி முழுசாகச் சாம்பலுக்குள் புதைத்தார். கால் மணி நேரம் கழித்துக் கிளறி எடுத்து, தோலைப் பிதுக்கினால் உள்ளே வெண்ணெயாக இளகியிருந்தது. காரமெல்லாம் போய் ஒரு மணம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு விடுதியில் கொடுத்த கல் மாதிரியான சப்பாத்தியும் அதைத் தடவியதும் இறங்கியது.

நெருப்பு நன்றாகப் பிடித்து நின்ற பிறகு சித்தி ஒரு கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டிக் காய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார்: “ஒண்ணும் வேகவைக்க வேண்டாம்னா நெருப்பு நல்லாத்தான் இருக்கு.”

நான் அதுவரைக்கும் என் கட்சியை மனதுக்குள் ஜோடித்துக்கொண்டுதான் இருந்தேன். காசு கொடுத்து வாங்கிய நெருப்பில் நமக்கு வேலை இல்லை, அதனால்தான் சுவை இல்லை; கையால் செய்தால்தான் நெருப்பு நம்முடையதாகிறது, இப்படி. சித்தி சொன்ன ஒரு வரியில் அதில் பாதி கழன்றுவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் நெருப்போடு வேலைதான் பார்த்திருக்கிறார். விடிவதற்கு முன் அடுப்பில் சாம்பல் அள்ளுவது, மழைக்காலத்தில் நனைந்த வேலிக்கருவை முள்ளோடு மல்லுக்கட்டுவது, ஊதாங்குழலில் ஊதி ஊதிக் கண் சிவப்பது. 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்பு வந்ததே, அப்போதுதான் அவர் வீட்டு உலையில் புகை நின்றது. அதற்குள் இருமல் நிரந்தரமாகிவிட்டது. வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம், கரி போன்றவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. கையால் மூட்டிய நெருப்பின் இன்பம் என்று அவரிடம் போய்ப் பேசினால் துடைப்பத்தால் அடித்திருப்பார், நியாயமும்கூட.

ஆனால் அன்றைக்கு மூட்டச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் வந்தார். நெருப்பின் மேல் பானை இல்லை, பசியோடு காத்திருக்கும் ஆட்கள் இல்லை, அரிசி குழைந்தால் ஏச்சு இல்லை. தனக்குத் தெரிந்த அந்த வித்தையை முதல் தடவையாக, ஒரு காரியமும் ஆகாத இடத்தில் வைத்து அவர் செய்துபார்த்தார். அதில் அவருக்கு இருந்த பெருமையை நான் பார்த்தேன். கட்டையைத் தப்பாகத் தள்ளிய சித்தப்பாவை அவர் அதட்டிய தோரணையிலேயே அது தெரிந்தது. இரண்டும் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. நெருப்பில் நம் கை பட வேண்டும், அந்த நெருப்பால் நமக்கு எதுவும் ஆகவேண்டியிருக்கக் கூடாது. விடுதி நெருப்பில் முதலாவது இல்லை. அடுக்களையில் இரண்டாவது இல்லை. களத்து மேட்டில் பையன்களாக எங்களுக்கு இரண்டுமே வாய்த்தது. மாமாக்களுக்கு வாய்த்ததா என்று கேட்க இப்போது அவர்களில் ஒருவரும் இல்லை.

பகல் பேச்சு, இராப் பேச்சு

பாலி வீஸ்னர் என்ற மானிடவியலாளர், ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில், கலஹாரிப் பாலைநிலத்தில் வாழும் ஜூஹோன்சி மக்களிடையே 1970களில் எடுத்த பேச்சுக் குறிப்புகளைப் பிரித்துப் பார்த்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பகலில் அவர்கள் பேசியதில் 34 சதவீதம் குறை, புகார், வம்பு. 31 சதவீதம் வரவு செலவு, வேட்டை, தீனி. கதை 6 சதவீதம்தான். பொழுது சாய்ந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த பிறகு அப்படியே தலைகீழ்: 81 சதவீதம் கதை, புகார் 7 சதவீதம். எங்கள் குடும்பத்துப் பகல் பேச்சை யாராவது குறிப்பெடுத்தால் புகாரின் பங்கு 34ஐ எளிதாகத் தாண்டும். அன்றைக்குக் காரில் வந்தபோதுகூட யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யாருக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்பதிலேயே வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை வந்துவிட்டோம். நெருப்புக்கு முன்னால் அந்தப் பேச்சு எழவே இல்லை. எல்லோர் கண்ணும் நெருப்பில் இருப்பதால் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பேச்சு நின்றுபோனாலும் கூச்சம் இல்லை, கட்டை வெடிக்கும், அதை எல்லோரும் பார்ப்போம்.

அந்தச் சத்தத்தையும் சும்மா நினைத்துவிடக் கூடாது. அலபாமா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் லின் அதே 2014இல் வெளியிட்ட ஆய்வில், எரியும் நெருப்பின் வீடியோவைச் சத்தத்தோடு பார்த்தவர்களுக்கு இரத்த அழுத்தம் குறைந்தது. நேரம் கூடக் கூட அதிகமாகக் குறைந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்டியபோது அந்தப் பலன் இல்லை. விடுதியில் பாட்டைப் போட்டு அமுக்கிவிடுவது இந்தச் சத்தத்தைத்தான். காசு கொடுத்து, நெருப்பில் நல்லதாக இருக்கும் பாகத்தை நிறுத்தச் சொல்கிறோம்.

அன்றைக்குக் கதை சொன்னதும் சித்திதான். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். 144 பெட்டி ஒரு குரோசு; குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பசையில்தான் கை. அப்படியும் வீட்டு அடுப்பைப் பற்றவைக்க ஒரு குச்சியைச் செலவழிக்கப் பாட்டிக்கு மனசு வராதாம். யார் வீட்டுக் கூரையில் முதலில் புகை எழுகிறதோ அங்கே போய்க் கொட்டாங்குச்சியில் கங்கு வாங்கி வர வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு மட்டும் கேட்கக் கூடாது, தர மாட்டார்கள். பக்கத்து வீட்டோடு ஓடைக்கரை வேப்பமரம் ஒன்று யாருக்கு என்ற தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. “அம்மா போய்க் கேக்க மாட்டா, என்னைய அனுப்புவா. நான் போய்ச் சிரட்டையை நீட்டுவேன். அந்த அத்தை ஒரு வார்த்தை பேசாது. ரெண்டு கங்கு எடுத்துப் போடும். மேலாக்க ஒரு கை சாம்பல் தூவி விடும், எனக்குச் சுட்டுறக் கூடாதுல்ல? எங்க அடுப்பு முந்திப் பத்துன அன்னைக்கு அவுக மகன் வருவான். அவனும் பேச மாட்டான்.” அப்புறம் இரண்டு வீடும் ராசியானதா என்று என் தங்கை கேட்டாள். “யார் கண்டா, நான் கல்யாணமாகி வந்துட்டேன்” என்றார் சித்தி. என் அம்மாவுக்குக்கூட இந்தக் கதை தெரியாது, நான் ஊருக்கு வந்து கேட்டுப் பார்த்தேன். அக்காவுக்குக் கங்கு வாங்கப் போகிற வேலை வரவே இல்லையாம், அவர் வீட்டில் தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் ஆள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் சூடமும் கொட்டாங்குச்சியுமாகக் காட்டுக்குள் போய்விடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது நமக்கு மறந்திருக்காது. 23 பேர் இறந்தார்கள். மாசியிலிருந்து கோடை மழை வரும் வரை அந்தப் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும், காற்றில் போகும் ஒரு பொறி போதும். காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது சட்டப்படியும் குற்றம். சொந்த இடம், சுற்றிப் புல் செதுக்கிய தரை, பக்கத்தில் வாளித் தண்ணீர், படுக்கப் போகுமுன் சாம்பலைக் கிளறி, கையை வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும்வரை ஊற்றுவது. சின்ன நெருப்பு என்றால் இதுவும் சின்ன வேலை.

இப்போது மே மாதத்துக்கு ஏற்காடு என்று குழுவில் மறுபடி பேச்சு ஓடுகிறது. ஸ்பீக்கர் வேண்டாம், டீசல் வேண்டாம், காய்ந்த விறகு மட்டும் பாதி கொடுங்கள் என்று விடுதியில் கேட்டேன். “அப்படின்னாலும் ரேட் அதேதான் சார்” என்றார்கள். சித்தப்பா பாட்டு வேண்டும் என்கிறார். பழைய பாட்டாக இருந்தால் நெருப்புக்கு நன்றாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சித்தி, மே மாசம் ஏற்காட்டில் என்ன குளிர் அடிக்கப்போகிறது, எதற்கு நெருப்பு என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் கொட்டாங்குச்சி சேர்த்துக்கொண்டிருக்கிறார். என் மகளோடுதான் பேச்சுவார்த்தை இழுத்தது. ஆடாமல் என்ன கேம்ப் ஃபயர், எல்லோரும் உங்களை மாதிரி தாத்தா ஆகணுமா என்று கேட்டாள். கடைசியில் எட்டிலிருந்து ஒன்பது வரை பாட்டு, அதற்குப் பிறகு கிடையாது என்று முடிவானது. ஒன்பதுக்கு மேல் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுடையது என்றேன். உடனே சம்மதித்தாள், ஒரே நிபந்தனையோடு: கட்டையை வேறு யாரும் தொடக் கூடாது, முக்கியமாக நான்.